கிழவர் வேஷத்துக்கு ஒரு நடை

கொடிக்கம்பத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய உயரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வேறு எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிற உயரமும் முதல் பெஞ்சுக்காரிகள் எழுந்து நிற்கிற உயரமும் ஒன்று. வகுப்பில் யார் பேசினாலும் டீச்சர் கண்ணில் முதலில் படுவது அவள் தலைதான். மற்றவர்கள் வாங்க வேண்டிய திட்டையெல்லாம் அவளே மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொள்வாள். அந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

உயரமாக வளர்கிற பெண்பிள்ளைகள் பலர் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பார்கள். இவள் அப்படி நடந்ததே இல்லை. அதற்கு அவள் அப்பாதான் காரணம். அவர் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் வளர ஆரம்பித்து, கண்ணாடி முன்னால் நின்று தோளைக் குறுக்கிப் பார்த்த ஒருநாள், "குனிஞ்சா உயரம் போயிடுமா? முதுகுதான் போகும். நிமிந்து நட" என்றார். பேச்சைக் காசு கொடுத்து வாங்கியது மாதிரிச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர் அவர். அவர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அந்த மனிதர் ஒருநாள் காலையில், இரும்புத் துண்டை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது கால் கொஞ்சம் திரும்பியிருந்தது, கை திரும்பவில்லை. பேச்சு அரைகுறையாக வந்தது. ஒரு சொல்லைச் சொல்ல நினைப்பார், கீழுதடு முன்னால் வந்து தயாராக நிற்கும், சொல் வராது. கேட்கிறவர் எழுந்து போய்விடப் போகிறாரே என்ற பதற்றத்தில் அந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆரம்பத்தில் மாலை நேரங்களில் தெருமுனைக் கடைவரை நடந்து போய் வந்தார். ஒருநாள் அவருக்குப் பின்னால் சில பையன்கள் அவரைப் போலவே காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்கள். கடைக்காரர் அதட்டி விரட்டினார்; வீட்டில் வந்து சொன்னதும் அவர்தான். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றோடு வாசற்படி தாண்டுவதை நிறுத்திவிட்டார். பட்டறை நண்பர்கள் கொஞ்ச காலம் வந்தார்கள்; பிறகு அவர்களுக்கும் வேலை இருந்தது. கட்டில், நாற்காலி, கழிப்பறை என்று அந்த மூன்றுக்குள் அவர் வாழ்க்கை அடங்கிப்போயிற்று.

கொடிக்கம்பத்துக்கு அப்பாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைப்பாள். அவர் உதடு அசைவதற்குள் "படிக்கணும்பா" என்று நழுவிவிடுவாள். பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய்வந்த அம்மா, வீட்டு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்துகொண்டிருந்தாள். மகளைக் கண்டிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

இப்படி இருக்கையில்தான் நாடகம் வந்தது.

ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாடகம் போட வேண்டும். பத்தாம் வகுப்புக்கான நாடகத்தை வகுப்பு டீச்சரே எழுதியிருந்தார். ஒரு கிழவர், கடைசி ரயிலில் வருகிறேன் என்று சொல்லிப்போன மகளுக்காகத் தினமும் ரயில் நிலையத்துக்கு வந்து காத்திருக்கிறார். அவ்வளவுதான் கதை. கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது. ரயில் போய்விடும்; கிழவர் மேடையின் ஒரு முனையிலிருந்து மறு முனையில் இருக்கும் பெஞ்சுவரை தனியாக நடந்து போய் உட்கார வேண்டும். அந்த நடையில்தான் நாடகமே நிற்கிறது என்று டீச்சர் மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னார்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆண் வேஷம் என்றால் வேறு யாருக்குப் போகும்? கொடிக்கம்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அதுவரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் உயரமான அலமாரியிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுக்கிற வேலைதான். வசனங்களை ஒரே வாரத்தில் நெட்டுருப் போட்டுவிட்டாள். ஆனால் ஒத்திகையில் எழுந்து நடந்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"இது கிழவரா?" என்றார் டீச்சர். "நரைச்ச முடி வெச்ச போலீஸ்காரர் மாதிரி இருக்கு. கொஞ்சம் குனிஞ்சு நடடி."

குனிந்தாள். கீழே காசைத் தவறவிட்டுத் தேடுகிறவள் போல இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டராக நடித்த குண்டூசி, வகுப்பிலேயே குட்டையானவள், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

"உடம்பு முடியாதவங்க எப்படி நடக்கறாங்க, எப்படி உக்கார்றாங்கன்னு போய்ப் பாரு. வெறுமனே முதுகை வளைச்சா ஆச்சா?" என்றார் டீச்சர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் அழக் கூடாது."

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதைப் பார்த்தாள். தினமும் நடக்கிற காரியம்தான். அன்றுதான் கண்ணெடுத்துப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். முதலில் அவர் தரையைப் பார்த்தார், காலை எங்கே வைக்கப்போகிறோம் என்று. இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்தார். வலது காலை நேராகத் தூக்க முடியாமல், வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். செருப்பின் நுனி தரையில் உரசியது. நாலடி வைத்ததும் நின்று, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். தேதியைப் பார்ப்பதற்காக அல்ல. மூச்சு வாங்குவது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக.

அந்தக் காலண்டர் விஷயம் பிடிபட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'இதுதான், இதுதான்' என்று உள்ளுக்குள் குதித்தாள். அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. வேஷம் ஜெயித்தது, வெட்கம் தோற்றது. பதினைந்து வயதில் அது அப்படித்தான்.

"அப்பா, டாக்டர் நடக்கச் சொன்னாரில்ல? வாங்க, கொஞ்சம் நடக்கலாம்" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மகள் தானாக வந்து பக்கத்தில் நின்றது எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று அவருக்குத்தான் தெரியும். "வா" என்றார். அந்தச் சொல் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அப்பாவும் மகளும் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்தார்கள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். நாற்காலி பின்னால் இருக்கிறதா என்று ஆடுசதையால் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் உட்காருவதை, உட்கார்ந்ததும் செயலிழந்த கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வதை, ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடும்போது நாக்கு நுனி வெளியே வருவதை, ஒன்றையும் விடவில்லை. பிறகு கொல்லைப்புறம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் இடையே அதையெல்லாம் நடந்து பார்ப்பாள். யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைப்பு.

அப்பாவிடமும் ஒரு மாற்றம் வந்தது. அம்மா கெஞ்சிக் கூத்தாடியும் நடக்காதவர், இப்போது மகள் வருகிற நேரத்துக்கு முகம் கழுவி, தலை வாரி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். முடித்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாலும், "இன்...னும் ஒரு... தடவை" என்பார். திரும்பும்போது முன்னைவிட மெதுவாகத் திரும்பினார். "என் வயத்துல பாலை வார்த்தடி" என்று அம்மா மகள் தலையைத் தடவினாள். கொடிக்கம்பம் திருட்டுப் பூனை மாதிரி விழித்தாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் கடைசிக் காட்சி வந்தது. அவள் தரையைப் பார்த்தாள். காலை அரைவட்டமாகச் சுழற்றி வைத்தாள். நடுவில் நின்று, இல்லாத ரயில் அட்டவணையைப் படிக்கிற பாவனையில் மூச்சு வாங்கினாள். பெஞ்சை ஆடுசதையால் தொட்டுப் பார்த்து உட்கார்ந்து, கையை எடுத்து மடியில் வைத்தாள். குண்டூசி விசும்பி விசும்பி அழுதாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எங்கடி கத்துக்கிட்ட இதை?" என்று கேட்டார்.

"பக்கத்துத் தெருவுல ஒரு தாத்தா இருக்கார் டீச்சர்" என்றாள் கொடிக்கம்பம்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்து விழுந்ததில் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அப்பாவுக்குத் தாத்தா வயது ஆகவில்லை. தலையில் பாதி முடிகூட நரைக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எல்லாரும் அழுதுட்டாங்கம்மா, டீச்சரே அழுதுட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். எதைப் பார்த்து அழுதார்கள் என்று சொல்லவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நடந்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்த அப்பா, "நா...டகம்... நான்... வரேன்" என்றார்.

"எங்கேப்பா? அங்க ஏகப்பட்ட கூட்டம். படி வேற நிறைய இருக்கு. பிளாஸ்டிக் நாற்காலி, உங்களுக்கு முதுகு வலிக்கும்" என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"வரேன்" என்றார் அவர் மறுபடியும். மறுபேச்சு கிடையாது என்கிற அந்தப் பழைய குரல்.

சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, அப்பா வேண்டாம்மா. அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "வாசப்படி தாண்ட மாட்டேன்னு கிடந்த மனுஷன் தானா வரேங்கறார். நீ வேண்டாங்கற. உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

காரணத்தைச் சொல்லாமல் மென்று விழுங்கினாள். சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். ஆனால், 'அப்பாவின் காலைத் திருடி மேடையில் காட்டப்போகிறேன், அதை அவர் பார்க்கக் கூடாது' என்று எந்த மகள் எந்த அம்மாவிடம் சொல்வாள்? அப்பாவுக்குப் பின்னால் காலை இழுத்து நடந்த அந்தப் பையன்கள்தான் அவள் மனதில் வந்து வந்து போனார்கள். அவர்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் தெருவில் செய்தார்கள், இவள் மேடையில் விளக்குப் போட்டுச் செய்யப்போகிறாள்.

விழா நாளன்று அம்மா அவருக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, வாடகைக் காரில் அழைத்து வந்தாள். மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்த கொடிக்கம்பம், மூன்றாவது வரிசை ஓரத்தில் அவர்களைக் கண்டுபிடித்தாள். சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் கழுத்துவரை போட்டுக்கொண்டு, யாரோ பரிசு கொடுக்கக் கூப்பிடப்போகிற மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார்.

முதல் காட்சி. நரைத்த டோப்பாவும் பழைய கோட்டுமாக மேடைக்கு வந்தாள். தரையைப் பார்த்து, வலது காலைச் சுழற்றி வைத்தாள். பின்வரிசையில் ஏதோ ஒரு சின்னக் குழந்தை களுக்கென்று சிரித்தது. குழந்தை எதற்கு வேண்டுமானாலும் சிரிக்கும். டோப்பாவைப் பார்த்துச் சிரித்திருக்கும். ஆனால் அவள் கண் மூன்றாவது வரிசைக்குப் போயிற்று. அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்து, முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கீழுதடு முன்னால் வர, அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அடியை அவளால் அப்படி வைக்க முடியவில்லை. நேராக வைத்தாள்.

அதற்குப் பிறகு நாடகம் முழுக்க அவள் நேராகத்தான் நடந்தாள். வசனத்தில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. "இன்னைக்காவது வருமா?" என்று அவள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாள்; குண்டூசி கண் ஜாடை காட்டிக்கொண்டே பதில் சொன்னாள்; பக்கவாட்டில் நின்ற டீச்சர் முதுகை வளைத்து வளைத்துக் காட்டினார். ஒன்றும் எடுபடவில்லை. கடைசிக் காட்சியில், ரயில் போன பிறகு, தலை நரைத்த ஒரு கொடிக்கம்பம் மேடையின் குறுக்கே விறைப்பாக நடந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தது. யாரோ இருமினார்கள். பின்னால் சிரிப்பு கிளம்பியது. திரை விழுந்ததும் கைதட்டல், ஒப்புக்குத் தட்டுகிற கைதட்டல்.

டீச்சர் திட்டியிருந்தால் தேவலை. டோப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே, "ஏன்?" என்று ஒரே ஒரு சொல் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வகுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். ஆனாலும் கொடிக்கம்பம் அழவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. நாடகம் நாசமாய்ப் போகட்டும். அப்பாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள்.

வாசலில் அவரைத் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார். வழியில் அம்மாவின் காதில் மட்டும் என்னவோ முணுமுணுத்தார். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா அவளைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஏண்டி அப்படி நடந்த?"

"எப்படிம்மா?"

"நடிக்காத. இங்க தொட்டிகிட்ட தினமும் நடந்தியே, அப்படி ஏன் நடக்கலை?"

கொடிக்கம்பத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "நீ பாத்தியா?"

"முதல்ல பாத்தது அவர்தாண்டி. ஜன்னல் வழியாப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பயந்தே போயிட்டேன், மனுஷன் நொந்துடுவாரேன்னு. அவர் சிரிக்கறார்! 'நான்... அங்க... நடக்கறேன்'னு சொல்லிச் சிரிக்கறார்." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஸ்கூல்லேருந்து வர்றதுக்கு முன்னாடி தனியா நடந்து பாத்துப்பார், தெரியுமா? எப்படித் திரும்பினா உனக்கு நல்லாத் தெரியும்னு. அதுக்குத்தான் அவ்வளவு மெதுவாத் திரும்புவார். எல்லாரும் அழுதாங்கன்னு நீ சொன்னியே, அதை அவர்கிட்ட சொன்னேன். 'அழுதாங்களா? அழுதாங்களா?'ன்னு எத்தனை தடவை கேட்டார்! அதைப் பாக்கத்தாண்டி வந்தார்."

"அவருக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா மாத்தினேன்" என்றாள் கொடிக்கம்பம். "யாரோ சிரிச்சாங்கம்மா. அப்பா என் காலையே பாத்தார். அந்தப் பசங்க மாதிரி நானும்..."

"அது எனக்குப் புரியுது. அவருக்கு எப்படிப் புரியும்? அவர் கார்ல வரும்போது என்ன சொன்னார் தெரியுமா? என் காதுல சொன்னார். 'நான் இருந்தேன்ல... வெக்கம்... அவளுக்கு'ன்னார்."

அவள் உள்ளே ஓடினாள். கட்டிலருகே போய், "அப்பா, அப்படி இல்லப்பா. உங்களைப் பாத்து வெக்கமில்லப்பா. உங்களுக்கு மனசு கஷ்டப்படுமோன்னு பயந்துட்டேன். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் திரும்பவில்லை. "அப்பா, இங்க பாருங்க. பாருங்கப்பா" என்று கெஞ்சினாள்.

மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அறையின் ஒரு மூலைக்குப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தாள். காலைச் சுழற்றி வைத்தாள். கடைசிக் காட்சியின் நடை முழுவதையும் ஒன்று விடாமல், மேடையில் நடக்க வேண்டிய மாதிரியே நடந்தாள். நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பினாள். ஒத்திகையில்கூட அவ்வளவு நன்றாக நடந்ததில்லை. கதவோரம் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் கீழுதடு முன்னால் வந்து நின்றது. அவள் காத்திருந்தாள். இந்த முறை எங்கும் நழுவிப் போகவில்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கத் தயாராக இருந்தாள்.

"வீட்டுல..." என்றார். மறுபடி ஆரம்பித்தார். "வீட்டுல... யாரு... பாக்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்பதுபோலக் கேட்டுவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அந்நேரம் அவரவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.